தூசியின் பதிவில் ஒரு வரி

அந்த விலங்கு மருத்துவமனையில் எங்கும் எழுதி ஒட்டப்படாத, ஆனால் எல்லோரும் கடைப்பிடித்த விதி ஒன்று இருந்தது. 'உங்க நாயா இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்க?' என்று யார் கேட்டாலும் பதில் சொல்லக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதை ஒவ்வொருவரும் யாரும் சொல்லித்தராமல் கற்றுக்கொண்டார்கள். கேள்வி வந்ததும் டாக்டரம்மா குழாயைத் திறந்து, ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் கைகளை மறுபடி கழுவுவார். பிறகு, 'நமக்கு மூணு வழி இருக்கு' என்று தொடங்கி மூன்றையும் ஒரே தொனியில் சொல்லி முடிப்பார். உதவியாளர் குனிந்து, சரியாகவே இருக்கும் கழுத்துப்பட்டையைச் சரிசெய்வார். வரவேற்பு மேசையில் இருந்த அவள், காப்பீட்டு நிறுவனத்தின் மடிப்புத் தாள் ஒன்றை உருவி நீட்டுவாள். தாளின் முகப்பில் ஒரு நாய் சிரித்துக்கொண்டிருக்கும்.

இதைக் கோழைத்தனம் என்று மட்டும் சொல்லிவிட முடியாது. பதில் சொல்பவர் அந்தக் கணத்திலிருந்து அந்த நாய்க்குப் பாதி உரிமையாளர் ஆகிவிடுகிறார். அது பிழைத்தால் நன்றியும் செத்தால் பழியும் அவருடைய வீட்டு வாசல்வரை வரும். ஒரு நாளைக்கு முப்பது நாய்களைப் பார்க்கும் இடத்தில் முப்பது நாய்களுக்கும் உரிமையாளராக இருந்துவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட முடியாது.

அவள் அந்த மேசையில் பதினோரு ஆண்டுகளாக இருந்தாள். அவளுடைய திறமை என்று மருத்துவமனை முழுவதும் ஒப்புக்கொண்டது ஒன்றைத்தான்: அவள் காதில் விழுந்தது எதுவும் பதிவில் ஏறாமல் போகாது. தடுப்பூசிக்கு வந்தவர் கதவருகே நின்று, 'ராத்திரி ஒருதடவ இருமுச்சு' என்று பேச்சோடு பேச்சாகச் சொன்னால், அவர் வாசலைத் தாண்டும் முன் அது கணினியில் தேதியோடு உட்கார்ந்திருக்கும். 'பதிவுல இல்லாதது நடக்காதது' என்பது டாக்டரம்மாவின் வாசகம். அதை அவரைவிட அவள்தான் தீவிரமாக நம்பினாள்.

அவளுடைய வீட்டிலும் ஒரு நாய் இருந்தது. சாம்பல் நிறம், சோபாவுக்கு அடியிலேயே கிடந்ததால் மகள் அதற்குத் தூசி என்று பெயர் வைத்தாள். அதற்குக் காப்பீடு எடுப்பதா வேண்டாமா என்பது அந்த வீட்டில் ஓராண்டாக நடந்துவந்த வழக்கு. கணவன் ஓட்டுநர் பயிற்சி தருபவன். நாள் முழுவதும் வண்டி ஓட்டத் தெரியாதவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதே அவன் தொழில்.

"தூசிக்கு இன்சூரன்ஸ் எடுத்துடலாம்" என்று ஒரு காலை வெங்காயம் நறுக்கியபடி அவன் மறுபடி தொடங்கினான்.

"முதல்ல உங்களுக்கு எடுங்க. உங்க தொழிலுக்கு அதுதான் அவசரம்."

"எனக்கு எடுத்தா உனக்கு லாபம். நாய்க்கு எடுத்தா எல்லாருக்கும் லாபம்."

"அந்த மேசையில உக்காந்து நான் என்ன பாக்குறேன்னு உங்களுக்குத் தெரியாதுங்க. பத்துப் பேர் கிளெய்ம் போட்டா நாலு பேருக்கு 'வருந்துகிறோம்'னு லெட்டர் வருது. மாசாமாசம் கட்டிட்டு, வருஷக் கடைசியில நாய் நல்லா இருக்கேன்னு அதையே முறைச்சுப் பாக்குறவங்களையும் பாத்திருக்கேன்."

"என் பக்கம் வண்டியில இன்னொரு பிரேக் இருக்கே, அது எதுக்கு? மிதிக்கவா? இருக்குன்னு தெரிஞ்சா போதும், உயிர் உடம்புல நிக்கும்."

"மிதிக்காமலா உங்க செருப்பு இந்தக் கதியில கிடக்கு?"

ஒன்பது வயது மகள் பாலைச் சிந்திக்கொண்டு சிரித்தாள். வழக்கு அன்றும் ஒத்திவைக்கப்பட்டது. அவளுடைய வாதம் அனுபவத்திலிருந்து வந்தது என்பதால் வீட்டில் அதற்கு மறுபேச்சு இல்லை. ஆனால் அவள் நிராகரிப்புக் கடிதங்களை மட்டுமே கையால் தொட்டவள். பணம் கிடைத்தவர்கள் அதைச் சொல்ல மேசைக்கு வருவதில்லை. இந்தக் கணக்கில் உள்ள ஓட்டை அவளுக்கு அப்போது தெரியவில்லை.

மாதத்துக்கு ஒருமுறை அவள் தூசியை வேலைக்கு அழைத்துச் செல்வாள். மருத்துவமனையின் பெரிய எடைமேடையில் காசில்லாமல் நிறுத்திப் பார்க்கலாம் என்பதுதான் காரணம். அப்படி ஒரு நாள் மதிய இடைவேளையில் தூசி எடைமேடையிலிருந்து இறங்கி நடந்தபோது, இடது பின்னங்காலை முழுதாக ஊன்றாதது போலத் தெரிந்தது. டாக்டரம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வலக்கையில் சோறு இருந்ததால் இடக்கையால் அந்தக் காலை இரண்டுமுறை மடக்கி நீட்டிப் பார்த்தார். "ஒண்ணுமில்ல. எங்கயாவது தாவியிருக்கும். நாளைக்குச் சரியாயிடும்." மறுநாளே சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள் அவள் வழக்கம்போல உட்கார்ந்து தட்டச்சு செய்துவிட்டாள்: 'எடை பதினெட்டு கிலோ. இடது பின்னங்காலை லேசாக ஊன்றாமல் நடக்கிறது. டாக்டர் பார்த்தார். சிகிச்சை தேவையில்லை.'

வேறு எந்த நாயாக இருந்தாலும் இந்த வரி பிறந்தே இருக்காது. ஒரு நாள் நொண்டிய நாயை யாரும் மருத்துவமனைக்குக் கூட்டி வருவதில்லை. அது வீட்டுக் கூடத்தில் நொண்டி, அங்கேயே குணமாகி, மறக்கப்பட்டிருக்கும்.

மூன்று வாரம் கழித்து ஓர் இளம் தம்பதி, துணிப் பந்தை விழுங்கிய நாயோடு ஓடிவந்தார்கள். அறுவைக்கு ஆகும் தொகையைக் கேட்டதும் அந்த மனைவி கேட்டாள்: "உங்க நாயா இருந்தா என்ன டாக்டர் பண்ணுவீங்க?" குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம் மேசைவரை கேட்டது. மூன்று வழிகளும் சொல்லப்பட்டன. அவர்களால் மூன்றாவதை, ஊசி போட்டு உறங்கவைப்பதைத்தான், எடுக்க முடிந்தது. வெறும் கழுத்துப்பட்டையைக் கையில் சுற்றிக்கொண்டு அந்தப் பெண் வெளியேறியபோது, மேசையில் இருந்த அவள் தனக்கென்று ஒரு மடிப்புத் தாளை உருவினாள். அன்று மாலை அடுக்களை மேசையில் படிவத்தை நிரப்பினாள். 'விலங்குக்கு முன்னர் ஏதேனும் நோயின் அறிகுறி காணப்பட்டதா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று குறித்தாள். பொய் சொல்கிறோம் என்ற எண்ணமே அவளுக்கு இல்லை. எழுதியதும் மறந்துவிடுவது, எல்லாவற்றையும் எழுதிவைப்பவர்களின் வசதி.

எட்டு மாதம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் மகள் எறிந்த பந்துக்குத் தாவிய தூசி, காற்றிலேயே திரும்பி விழுந்து அலறியது. திங்கட்கிழமை டாக்டரம்மா முழங்காலைப் பிடித்து அசைத்துப் பார்த்தார். தசைநார் அறுந்திருந்தது. இடது பின்னங்கால். "வெளியிலேருந்து சர்ஜனைக் கூப்பிடணும். பெரிய ஆபரேஷன்தான். பண்ணலேன்னா கடைசிவரைக்கும் மூணு கால்லதான் நடக்கும்."

"அதுக்குத்தானே மாசாமாசம் கட்டுறோம்? கவலைய விடு" என்றான் கணவன், போனில். பின்னணியில் யாரோ கியரை மாற்றத் தெரியாமல் வண்டியைக் கதறவிட்டுக்கொண்டிருந்தார்கள். "கிளட்ச், கிளட்ச்... உன்னைச் சொல்லல, நீ அழாத."

'அதுக்குத்தானே' என்ற அந்தச் சொல்லில்தான் அவளுக்கு அந்த வரி நினைவுக்கு வந்தது.

நிறுவனம் முழுச் சிகிச்சைப் பதிவையும் கேட்டிருந்தது. அப்படிப்பட்ட பதிவுகளை வாரத்துக்கு நான்கு அனுப்புபவள் அவள்தான். பாலிசிக்கு முன்பே இருந்த அறிகுறி என்று ஒன்று கிடைத்தால் என்ன ஆகும் என்பது நிறுவனத்துக்குத் தெரிந்த அளவுக்கு அவளுக்கும் தெரியும்: அந்தக் காலுக்கு மட்டும் அல்ல, அடுத்த காலுக்கும் சேர்த்துக் கையை விரித்துவிடுவார்கள். அவள் டாக்டரம்மாவின் அறைக்குப் போனாள்.

"தூசியோட ஹிஸ்டரி கேட்டிருக்காங்க, டாக்டர்."

"பிரிண்ட் எடு, கையெழுத்துப் போட்டுத் தர்றேன்."

"அதுல ஒரு வரி இருக்கு. அன்னிக்கு நீங்க சாப்பிட்டுட்டு இருந்தப்போ காலைப் பிடிச்சுப் பாத்தீங்களே, அது."

டாக்டரம்மா நிமிர்ந்தார். "அதையுமா எழுதின?"

"நீங்கதானே எல்லாத்தையும் எழுதச் சொன்னீங்க."

"வைத்தியத்துக்கு வந்த நாய்க்கு எழுதச் சொன்னேன்மா. என் டிபன் பாக்ஸை மோந்து பாக்க வந்த நாய்க்குமா?"

இருவரும் சிரித்தார்கள், சிரிப்பு நீடிக்கவில்லை. பதினோரு ஆண்டுகளில் பிறர் வாயிலிருந்து ஆயிரம் முறை கேட்ட கேள்வியை அவள் தன் வாயால் கேட்டாள்.

"உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவீங்க, டாக்டர்?"

டாக்டரம்மா எழுந்துபோய்க் குழாயைத் திறந்தார். விரல் இடுக்குகள்வரை நிதானமாகக் கழுவினார். "மூணு வழி..." என்று தொடங்கியவர் மேலே சொல்லவில்லை. துண்டில் கையைத் துடைத்தபடி, அவள் முகத்தைப் பார்க்காமல், "அனுப்புறதுக்கு முன்னாடி எதுக்கும் ஒருதடவ சரிபாத்துக்கோ" என்றார்.

அவள் சரிபார்த்தாள். தன் பெயரில் ஏறிய குறிப்பைத் தானே திருத்தலாம் என்ற வசதி, எழுத்துப் பிழைகளுக்காக அவளுக்குத் தரப்பட்டிருந்தது. மூன்று வாக்கியங்கள் போன பிறகு, 'எடை பதினெட்டு கிலோ' என்பது மட்டும் மிஞ்சியது. நான் இங்கே வேலை பார்க்காமல் இருந்திருந்தால் இது எழுதப்பட்டே இருக்காது, எழுதப்பட்டிருக்கவே வேண்டாத ஒன்றைத்தான் எடுக்கிறேன் என்று அவள் தனக்குள் வாதிட்டாள். வாதத்தில் பிழை இல்லை. தவறு செய்பவருக்கு இவ்வளவு நல்ல வாதம் கிடைப்பதுதான் அவளைச் சங்கடப்படுத்தியது. டாக்டரம்மா தாள்களை வாங்கி, புரட்டாமல், கடைசித் தாளில் கையெழுத்திட்டார். படிக்காமல் கையெழுத்திடுவது அவர் வழக்கம் அல்ல.

பணம் வந்தது. சர்ஜன் வந்தார். ஆறு வாரம் தூசி கழுத்தில் பிளாஸ்டிக் கூம்போடு கூடத்தில் கிடந்து, மேசைக் கால்களை முட்டி, பின் எழுந்து நான்கு கால்களிலும் நடந்தது.

"சொன்னேனா இல்லையா?" என்று கணவன் ஊருக்கே கேட்கும்படி கேட்டான். "இந்த வீட்ல என் பேச்சை ஒருதடவ கேட்டதுக்கே இப்படின்னா, தினமும் கேட்டா எப்படி இருக்கும்!"

"ஆமாங்க. நீங்க சொன்னதுதான் சரி."

மகள் அப்பாவைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாப்பா? சண்டையே போடல."

அவளால் சண்டை போட முடியவில்லை. காப்பீடு பயனுள்ளதா இல்லையா என்ற வழக்கில் அவள்தான் இப்போது முக்கியச் சாட்சி. அந்தச் சாட்சியம் போலியானது. தூசி நன்றாக ஓடும்போதெல்லாம் அந்த ஓட்டத்தில் ஒரு மூன்று வாக்கியம் இல்லாமல் இருப்பதை அவள் மட்டும் பார்த்தாள். ஒவ்வொரு நடைக்கும் பின்பு குனிந்து அந்த முழங்காலைத் தடவினாள். பாசம் என்று வீட்டில் நினைத்தார்கள்.

கணவன் தன் வெற்றியைப் போகும் இடமெல்லாம் சொன்னான். அதிகமாகச் சொன்னது பஞ்சர் கடையில். கற்றுக்கொள்பவர்கள் நடைபாதை விளிம்பில் மோதி மோதி டயரைக் கிழிப்பதால் வாரத்துக்கு இரண்டுமுறை அவன் அங்கே போக வேண்டியிருந்தது. பஞ்சர் கடைக்காரரிடமும் ஒரு நாய் இருந்தது. அதன் பெயர் ஸ்பேனர். கிரீஸ் படிந்து அதன் உண்மையான நிறம் என்னவென்றே யாருக்கும் தெரியாது. அவர் ஒரு நாள் மருத்துவமனைக்கு வந்து மேசைமேல் முழங்கையை ஊன்றினார்.

"தங்கச்சி, உங்க வீட்டுக்காரர் என் காதைத் தின்னுட்டாரு. இன்சூரன்ஸ் இன்சூரன்ஸ்னு. அந்தத் தாளு ஒண்ணு குடுங்க."

"உங்களுக்கு வேணும்னு தோணுதா, அண்ணே?"

"எனக்கு எங்க தோணுது? இவன் தெருவுல போற லாரிய எல்லாம் தன் கடைக்கு வந்த கஸ்டமர்னு நெனச்சு ஓடுறான். ஒருநாள் அடிபட்டா நான் என்ன பண்றது? உங்க தூசி நடக்குதே, அதைப் பாத்துதான் வந்தேன்."

அவள் தாளை உருவிக் கொடுத்தாள். ஸ்பேனரின் பதிவைத் திறந்து பார்க்க அவளுக்கு அப்போது நேரம் இருந்தது. திறந்திருந்தால், ஐந்து மாதத்துக்கு முன் தடுப்பூசி போட வந்தபோது அவர் சிரித்துக்கொண்டே, 'ரெண்டு நாளா காதைச் சொறியுது தங்கச்சி, நான் பேசுறதக் கேக்கப் பிடிக்கல போல' என்று சொன்னதும், நகைச்சுவையை நீக்கிவிட்டு அதை அவள் எழுதி வைத்ததும் கண்ணில் பட்டிருக்கும். காப்பீடு பற்றிய பேச்சிலிருந்து சீக்கிரம் தப்பிக்க வேண்டும் என்பதே அன்று அவளுடைய ஒரே எண்ணமாக இருந்தது.

பாலிசி எடுத்துப் பத்து மாதத்தில் ஸ்பேனரின் இடது காதுக்குள் கட்டி வளர்ந்திருப்பது தெரிந்தது. அது தலையைச் சாய்த்தபடி, சுவரோரமாக நடக்கத் தொடங்கியிருந்தது. நிறுவனம் பதிவைக் கேட்டது. 'இரண்டு நாளாகக் காதைச் சொறிகிறது — உரிமையாளர் கூறினார்.' அந்த வரி திரையில் நெடுநேரம் நின்றது. அதுவும் அவள் பெயரில் ஏறியதுதான். அதையும் அவளால் திருத்த முடியும். தூசிக்காகச் செய்தது ஒரே ஒருமுறை, இனி ஒருபோதும் இல்லை என்று அவள் தனக்குச் சத்தியம் செய்திருந்தாள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றினாள். பதிவு ஓர் எழுத்தும் குறையாமல் போனது. தன் நாய் நடந்த பிறகு திரும்பிவந்த நேர்மைக்கு, இன்னொருவரின் நாய் விலை கொடுக்கப்போகிறது என்பது அனுப்பும் பொத்தானை அழுத்திய பிறகுதான் அவளுக்கு உறைத்தது.

'வருந்துகிறோம்' என்று தொடங்கிய கடிதம் மூன்று வாரத்தில் வந்தது.

அதற்கடுத்த சனிக்கிழமை காலை, காத்திருப்பு அறையில் இடமில்லாத நேரத்தில், பஞ்சர் கடைக்காரர் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு வந்தார். கூடைக்குள் பூனையை வைத்திருந்த பெண் நகர்ந்து இடம் கொடுத்தார். அவர் உட்காரவில்லை. மேசைமேல் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்: ஒன்று நிராகரிப்பு, மற்றொன்று அடுத்த ஆண்டுக்குப் புதுப்பிக்கச் சொல்லும் அறிவிப்பு. இரண்டும் ஒரே கையெழுத்தில் முடிந்திருந்தன.

"காசு தர மாட்டாங்களாம். ஆனா நான் மட்டும் கட்டணுமாம். இது நல்லா இருக்குல்ல, தங்கச்சி? என் கடையில நான் இப்படிச் செஞ்சா டயரைக் கழட்டி என் கழுத்துல மாட்டுவாங்க."

யாரோ சிரித்தார்கள். அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கை நாயின் சாய்ந்த தலையைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"அவங்களைச் சொல்லி என்ன. வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும் நான். சொறியுதுன்னு நான்தானே சொன்னேன்? விளையாட்டுக்குச் சொன்னேன். அதுக்கு இவன் அனுபவிக்கிறான்." அவர் குரல் தணிந்தது. "வீட்ல கேட்டாங்க, நீயே கெடுத்துட்டியேன்னு. உண்மைதான்."

அவள் தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஓராண்டாகத் தன் நெஞ்சில் இருந்த எடை, எந்தக் குற்றமும் செய்யாத ஒருவரின் தோளில் போய் உட்கார்ந்துகொண்டதை அவள் கண்ணெதிரே கண்டாள். அவர் அதைச் சந்தேகம்கூடப் படாமல் சுமந்துகொண்டு நின்றார்.

"எனக்கு ஒண்ணும் புரியல, தங்கச்சி. ஆபரேஷனுக்கு நானே அலையணும். இந்தப் பாலிசியை மேல கட்டுறதா, தொலையட்டும்னு விடுறதா? நீங்க இதுக்குள்ளயே இருக்கறவங்க. உங்க வீட்டுக்காரர் ஆயிரம் சொல்லட்டும், நீங்க சொல்லுங்க. உங்க நாயா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

அவள் கை பழக்கத்தால் மடிப்புத் தாள்கள் இருந்த பக்கம் நீண்டது. உதவியாளர் குனிந்து ஸ்பேனரின் கழுத்துப்பட்டையைத் தொட்டார். திறந்திருந்த அறைக் கதவில் டாக்டரம்மா வந்து நின்றார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"உள்ள வாங்கய்யா" என்றார் அவர். "உக்காந்து பேசலாம். நமக்கு மூணு வழி இருக்கு."

"இருங்க டாக்டர்" என்றாள் அவள். எழுந்து நின்றாள். அந்த அறையில் அவள் குரல் அவ்வளவு உயர்ந்து யாரும் கேட்டதில்லை; பூனைக்காரப் பெண்ணும் நிமிர்ந்து பார்த்தார். "அண்ணன் என்னைத்தான் கேட்டாரு. நான் சொல்றேன்."

"வேண்டாம்மா" என்றார் டாக்டரம்மா, மெதுவாக.

"நீங்க ஒண்ணும் கெடுக்கலண்ணே. அதை முதல்ல விட்டுடுங்க. நீங்க விளையாட்டாச் சொன்னதை எழுதி வெச்சது நான். அதை அப்படியே அனுப்புனதும் நான்." அவள் நிராகரிப்புக் கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "என் நாயா இருந்தா என்ன பண்ணுவேன்னு கேட்டீங்கல்ல? என் நாயாத்தான் இருந்துச்சு. பாலிசி எடுக்கறதுக்கு முன்னாடியே தூசி கால நொண்டுச்சு. அதையும் நான்தான் எழுதி வெச்சேன். கம்பெனி கேட்டப்போ, நானே அந்த வரியை அழிச்சிட்டு அனுப்புனேன். அதனாலதான் காசு வந்துச்சு, அதனாலதான் அது நடக்குது. உங்க வரியை நான் அழிக்கலண்ணே."